பெகிஸ் கோவ் கரையோரம்

கனடாவின் கீழைக்கரையிலே, நோவா ஸ்கோஷியா மாகாணத்துத் தலைநகராகிய ஹலிபாக்ஸ் நகரிலிருந்து தென்மேற்காக ஏறக்குறைய 43 கிலோமீற்றர் சென்றால் பெகிஸ் கோவ் என்னும் சிறு மீன்பிடிக் கிராமத்தை அடையலாம். பண்டைப் பனியாறுகள் உராய்ந்து வழுவழுப்பாக்கிய கருங்கற் பாறைகள், நீரோரத்தில் மரக்கால்கள்மேல் நிற்கும் மீனவர் கொட்டில்கள், 1915 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட எண்கோண வெளிச்சவீடு ஆகியனவே உல்லாசப் பிரயாணிகளை அங்கு இழுப்பன. நாம் சென்ற பகலிலும் வெளிச்சவீட்டைச் சுற்றிச் சனத்திரள் நிறைந்திருந்தது. அங்கிருந்து சிறிது தொலைவில், வேல்ஸ்பக் என்னும் இடத்திலுள்ள நினைவுக்கல்லருகே ஆளரவம் குறைவு. கல்லிலே மூன்று வெட்டுக்கள் உள. அவை 111 என்னும் இலக்கத்தைக் குறிப்பன.

1998 செப்டெம்பர் 2 ஆந் திகதி இரவு நியூயோர்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் பறந்த சுவிஸ் எயார் 111 ஆம் இலக்க விமானம் இக்கரைக்கப்பாற் கடலில் வீழ்ந்தது. பிரயாணிகள் 215 பேரும் பணியாளர் 14 பேரும் மாண்டனர். கரையிலிருந்து வீழ்ந்த இடம் பத்துக் கிலோமீற்றர் தானும் இல்லை. இவ்வளவு அண்மையில் நிலம் இருந்தும் ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி அங்கு நிற்போர் யாவர்க்கும் எழும். நமக்கும் எழுந்தது.

அன்றிரவு 10 மணி 10 நிமிடமளவில் விமானியறையில் ஒரு வேண்டா மணம் தோன்றியது. குளிர்காற்றுக் குழாயிலிருந்து வருவதென விமானிகள் எண்ணினர். அத்தகைய மணம் விமானங்களிற் புதிதன்று. சில நிமிடங்களிற் புகை கண்ணுக்குப் புலனாகவே அவசரச் செய்தி அனுப்பிப் பொஸ்ரன் செல்ல அனுமதி கேட்டனர். தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் அதனினும் மிக அண்மையிலுள்ள ஹலிபாக்ஸைச் சுட்ட, உடனே அதற்கு இசைந்தனர். பிராணவாயு முகமூடிகளை அணிந்தனர். (பிரயாணிகளின் தலைக்குமேலிருந்து விழும் முகமூடி அறைக்காற்றையும் கலந்து கொடுப்பது, ஆதலின் புகைக்கு உதவாது. விமானிகளுடையது அத்தகையதன்று.)

ஆனால் விமானம் ஓடுபாதையை நேரே அணுகுவதற்கு மிக உயரத்தில் இருந்தது; நெடும் பயணத்துக்கான எரிபொருளின் பாரமும் அதிகம். எரிபொருளைக் கடலிற் கொட்டுதற்பொருட்டுத் தெற்கே திரும்பினர். இதற்கிடையே, மூலம் அறியாப் புகைக்கென வகுத்த பட்டியலின்படி ஒவ்வோர் ஆளியாகத் திருகி மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தல் வேண்டும். அப்பட்டியலை முடிக்க 20 முதல் 30 நிமிடம் செல்லும். விதியோ அவர்களுக்கு அளித்தது, முதல் மணத்திலிருந்து எண்ணினாலும், 21 நிமிடமே. அன்றியும், பட்டியல் விதித்தபடி பிரயாணிகள் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தியபோது காற்றைச் சுழற்றும் விசிறிகளும் நின்றன. கூரைக்குமேல் மறைந்திருந்த தீ விமானியறையை நோக்கித் திரும்பிற்று. கருவிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. பதிவுப் பெட்டிகள் 10 மணி 25 நிமிடத்தில் மௌனமாயின. அதற்குப் பின்னும் ஆறு நிமிடம் அவ்விமானம் பறந்தது. அந்த ஆறு நிமிடத்தில் நிகழ்ந்ததைச் சொல்ல எவரும் இலர்.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார், ஏறக்குறைய 55 மீற்றர் ஆழத்திற் கிடந்த துண்டுகளை வாரியெடுத்து, விமானத்தின் முற்பகுதியை ஒரு சட்டத்தின்மேல் மீளப் பொருத்தி ஆராய்ந்தனர். 2003 ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. பிரயாணிகள் படம் பார்க்கவும் விளையாடவும் பொருத்திய பொழுதுபோக்குக் கருவிக்கு மின்சாரம் கொண்டுசென்ற கம்பியொன்றில் மின்பொறி தெறித்த தடயம் காணப்பட்டது. அது ஒன்றே மூலமென்று அவர்கள் அறுதியிடவில்லை. பொறியைத் தீயாக வளர்த்தது எது என்பதில் மாத்திரம் ஐயமில்லை: வெப்பத்தையும் ஓசையையும் தடுக்கச் சுவரெங்கும் விரித்த போர்வையின் மெல்லிய உலோகப்பூச்சு உறை. அந்நாளைய பரீட்சையில் அவ்வுறை தேறியதே! இதனை வாசித்தபோது, பரீட்சை நடத்துவதே தொழிலாகவுள்ள நாம் சிறிது நேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

விமானிகள் பட்டியலைக் கட்டிக்கொண்டு காலம் போக்கினர் என்று பழி கூறுவோர் இன்றும் உளர். அது நீதியன்று என்பது நம் துணிபு. அவசரச் செய்தி அனுப்பிய கணமே நேரே இறங்க முயன்றிருப்பினும், தீ முந்திக்கொண்டிருக்கும் என்பதைச் சபையார் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். அத்தகைய உறைகளை அகற்றுமாறு அமெரிக்க விமான நிர்வாகம் 2000 ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டது.

அன்றிரவு இக்கரை மீனவர் எவரேனும் பிழைத்திருப்பர் என்ற நம்பிக்கையோடு தம் படகுகளை இருளிற் செலுத்திச் சென்றனர். வளைகுடாவின் மறுகரையில், பேஸ்வோட்டர் என்னும் ஊரில் இரண்டாவது நினைவிடம் இருக்கிறது. இறந்தோர் பெயர்கள் அங்கேதான் பொறிக்கப்பட்டுள்ளன. கடலால் எதிரே தெரியும் அவ்வூருக்குத் தரைவழியே வளைகுடாவைச் சுற்றியே போகவேண்டும்.