விக்டோரியாக் கரையில் ஒரு கோல்ப் ஆட்டம்

கண்டி என்றதும் நம்மில் பலருக்குத் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் ஆகியனவே நினைவுக்கு வரும். நகரிலிருந்து மகியங்கனை வீதியில் தென்னக்கும்புர பாலத்தைக் கடந்து, குண்டசாலை, பல்லேகலை, திகணை என்று ஏறத்தாழ 20 கிலோமீற்றர் போனால் ராஜவெல்லையில் பெரியதொரு கோல்ப் மைதானம் இருப்பது பலருக்குத் தெரியாது. சமூகவியல் படிக்கப் பேராதனையில் நான்கு வருடங்கள் இருந்த எனக்கும் அது வெறும் பெயர்ப்பலகையாகவே இருந்தது.

உளவளத்துணைப் பயிற்சி ஒன்றுக்காகக் கண்டிக்குச் சென்றிருந்தோம். மூன்றாம் நாள் முடிவில், எங்களுக்கு வகுப்பெடுத்த ஓய்வுபெற்ற பெண் வைத்தியர், "நாளைக்கு ஞாயிறு, இரண்டு பேர் என்னோடு வாருங்கள், ஒரு விளையாட்டுக் காட்டுகிறேன்" என்றார். நாங்கள் அவரை டொக்டர் அம்மா என்றே அழைப்போம். நானும், முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த எங்கள் கிராமமட்ட உத்தியோகத்தர் அக்காவும் புறப்பட்டோம். சாறியோடு விளையாட முடியாது என்றதால் அக்கா என் சப்பாத்தையும் காற்சட்டையையும் இரவல் வாங்கினார். சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்.

திகணைச் சந்தியில் ஒரு நிமிடம் எங்கள் பேச்சு நின்றது. 2018 மார்ச்சில் இங்கும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டு, நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. இப்போது கடைகள் திறந்திருக்கின்றன. புதுப் பூச்சு எது, பழைய சுவர் எது என்று வீட்டை இழந்தவர்களின் கண் தானாகவே தேடும்.

மைதானம் முன்பு தென்னந்தோட்டமாக இருந்த நிலம். டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வடிவமைக்க, 1990 களின் இறுதியில் திறக்கப்பட்டது. 18 குழிகள். தென்னைகள் அங்கங்கே அப்படியே நிற்கின்றன. ஒரு பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம், மறுபக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். அங்கத்தவராக இருக்க வேண்டியதில்லை; கட்டணம் செலுத்தினால் எவரும் விளையாடலாம், மட்டைகளையும் வாடகைக்குத் தருவார்கள். கட்டணம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை, டொக்டர் அம்மாவும் சொல்லவில்லை. எங்கள் கைக்கு எட்டாதது என்பது வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபோதே விளங்கிவிட்டது.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிக்காயிலும் சற்றுப் பெரிய வெள்ளைப் பந்து. நிறை 46 கிராமுக்கும் குறைவு. அதை மட்டையால் அடித்து, சில நூறு மீற்றருக்கு அப்பால் கொடி நட்டிருக்கும் நாலேகால் அங்குலக் குழிக்குள் விழுத்த வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு 'பார்' என்று பெயர். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். பெரும்பாலும் பின்னால் வரும் நடுவர் இல்லை. பற்றைக்குள் பந்து சற்று அசைந்தால்கூட, யாரும் காணாவிட்டாலும், நாமே சொல்லி எங்கள் கணக்கில் ஒரு அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டுமாம். திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கொடுக்கும் முறையும் இருப்பதால், புதியவரும் பழகியவரும் சேர்ந்தே ஆடலாம். படித்த பாடத்தின் பழக்கத்தினாலோ என்னவோ, எனக்கு இந்த இரண்டு ஏற்பாடும் மிகவும் பிடித்துக்கொண்டன.

பெண்களுக்கு இந்த விளையாட்டு எளிதில் இடம் கொடுக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஸ்கொட்லாந்தில் 1754 இல் தொடங்கிய சென் அன்ட்ரூஸ் கழகம் பெண்களை அங்கத்தவராக ஏற்க வாக்களித்தது 2014 இல்தான். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தபோதுதான் நம் பக்கத்து வீடுகளிலும் இப்படி ஒரு விளையாட்டுப் பற்றிப் பேச்சு வந்தது.

ஒரு மணித்தியாலப் பழக்கத்திற்குப் பின் ஒன்பது குழிகள் ஆடினோம். எனது முதல் நான்கு வீச்சும் காற்றுக்குத்தான். அக்கா விறகு கொத்திய கை. இரண்டாவது அடியிலேயே பந்து பறந்தது. பறந்துபோய் ஒரு மணல் பள்ளத்தில் விழுந்தது. "பங்கருக்குள் போய்விட்டது" என்றார் டொக்டர் அம்மா.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2009 இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அக்கா இரண்டு பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்தவர். கூறைச்சேலையையே வெட்டித் தைத்து மண்மூடையாக்கியவர். அந்தச் சொல்லை இந்தப் பச்சைப் புல்லின் நடுவே கேட்க நான் விரும்பவில்லை. அக்கா பள்ளத்தின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். "இது பங்கர் இல்லை. மேலே மூடி இல்லையே" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மணலை மட்டையால் முன்கூட்டியே தொடக்கூடாது என்பது விதி. ஐந்து முறை அடித்துத்தான் பந்து வெளியே வந்தது. வந்தபின் குப்பைவாரி போன்ற ஒன்றால் காலடித் தடங்களை அழித்துவிட வேண்டும், அடுத்து வருபவருக்காக. அக்கா அதை அவசரப்படாமல், முற்றம் கூட்டுவதுபோல் ஓரம்வரை செய்தார். நாங்கள் காத்திருந்தோம்.

தண்ணீர் ஓரத்தில் சிவப்புக் குச்சிகள் நட்டிருந்தன. வன்னியில் சிவப்புக் குச்சி என்றால் மிதிவெடி. எட்டி நில் என்று பிள்ளைக்கும் தெரியும். இங்கே அதன் பொருள், பந்து அதற்குள் போனால் ஒரு அடி தண்டம் என்பது மட்டுமே. இருந்தாலும் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பந்து தேடப் போகவில்லை. போகத்தான் வேண்டுமா என்ன?

புல்லுக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் தமிழில் பேசினார்கள். "பந்து பறந்து வந்தா 'போர்'னு கத்துவாங்கக்கா. காதுல விழுந்ததும் குனிஞ்சுக்கணும்" என்றார் ஒருவர். அது முன்னால் நிற்பவரை எச்சரிக்கும் ஆங்கிலக் கூவல். "அது எங்களுக்குப் பழகினதுதான்" என்றார் அக்கா. அவர்களுக்குச் சற்று நேரம் கழித்தே விளங்கியது.

எங்கள் பையைத் தூக்கி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். ஒரு மேட்டில் நின்று நீர்த்தேக்கத்தைக் காட்டி, தன் தாயின் வீடு அதற்குக் கீழேதான் இருக்கிறது என்றார். மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் கட்டிய விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, பிரித்தானிய உதவியில் கட்டியதால் பிரதமர் மார்கரட் தாட்சரும் வந்திருந்தார். 210 மெகாவாற்று மின்சாரம் நாட்டுக்குக் கிடைத்தது. பழைய தெல்தெனிய நகரும் சுற்றுக் கிராமங்களும் நீருக்குள் போயின. பல குடும்பங்கள் மகாவலி குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். ஊரவர் பார்க்கப் போவார்கள்.

"நீங்கள் போவீர்களா?" என்று அக்கா கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன்.

"நானும் தங்கையும் போவோம். அம்மா ஒருநாளும் வந்ததில்லை. கிணற்றுக் கட்டு மட்டும் இருக்கிறது."

"எங்கட வளவிலயும் கிணறுதான் மிஞ்சினது" என்றார் அக்கா. நான் அதையும் மொழிபெயர்த்தேன். அவர் தலையசைத்தார். பிறகு அடுத்த கொடி எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டினார்.

இவ்வளவு நிலமும் நீரும் சிலரின் பொழுதுபோக்குக்கா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. காணி விடுவிக்கப்படும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்த பெண்களோடு வேலை செய்பவளுக்கு அது வராமல் இருக்காது. ஆனால் அன்று காலை நாலு மணித்தியாலம், தன் பந்து எங்கே போகிறது என்பதைத் தவிர வேறு எதையும் அக்கா யோசிக்கவில்லை என்று அவரே சொன்னார். அதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தட்டையான வளவும் ஒரு மட்டையும் போதும் என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டோம். எங்கள் மகளிர் சங்கத்துப் பின்வளவு அவருக்கு ஞாபகம் வந்தது.

ஒன்பது குழிகளுக்கு நான் 79, அக்கா 74. புள்ளி அட்டையை அவர் மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மகனுக்குக் காட்ட வேண்டுமாம்.