லாரி வரிசைக்குள் ஒரு மருந்துப் பை

எங்கள் கோத்தகிரியில் காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்தால் புகை வரும். திருவொற்றியூரில் அதே ஏழு மணிக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அம்மாடி, என்ன வெக்கை! காசிமேட்டில் ஏறிய மீன் வாசம் கூடவே வந்தது. காற்று திரும்பினால் மணலி ஆலைகள் பக்கமிருந்து ஒரு நெடி. சாலை நெடுகத் துறைமுகத்துக்குள் போகக் காத்துநிற்கும் கண்டெய்னர் லாரிகள். காட்டெருமைக்கு ஒதுங்கி நின்று பழகிய எனக்கு, அவற்றின் இடுக்கில் நர்ஸ் சிஸ்டர் ஸ்கூட்டரை நுழைத்தபோது உயிரே போய்வந்தது.

என் மடியில் அவருடைய மருந்துப் பை. புற்றுநோய் முற்றி, "வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போவதுதான் அவர் வேலை. அந்த ஒரு வார்த்தையோடு வைத்தியம் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் பெரியம்மா கடைசி இரண்டு மாதம் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தாள். ஒத்தடம் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்களுக்குப் பின்னால் ஓரறை வீடு. படுத்திருந்தவர் முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். வாயில் புற்று, கன்னத்தில் புண். சிஸ்டர் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூவினார். வாடையைக் கிளப்பும் கிருமிகளை அந்தப் பொடி அடக்குமாம். இவ்வளவு சின்ன மாத்திரையா! போன வாரத்திலிருந்துதான் பேத்தி மறுபடி தாத்தா பாயில் வந்து குந்துகிறாளாம். அவர் மனைவி, அந்த ஆயா, சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது.

"மார்ஃபின் வேளாவேளைக்குக் குடுத்தீங்களா ஆயா?"

"வலிக்குதுன்னா மட்டும் குடுத்தேன் சிஸ்டர். பழகிடும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்கோ."

"வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரத்தைப் பாத்துக் குடுங்க. மலம் கட்டும், அதுக்கும் மருந்து தந்திருக்கேன்." ஆயாவுக்கு எழுத்து தெரியாது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கடிகார முள்ளாக வரைந்து கொடுத்தார்.

2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தும்வரை மார்ஃபினை வாங்கி வைக்கவே ஓர் ஆஸ்பத்திரி பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த வீட்டுச் சிகிச்சையும் உண்டு. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களுக்கு மணலியை அடுத்த மாத்தூரில் 'ஜீவோதயா' இருக்கிறது. காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆலைப் புகைக்கு நடுவே இப்படி ஓர் இடம்! மலையில் இருந்த எங்களுக்கு இதில் எதுவும் தெரியாமல் போனதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கிளம்பும்போது பெரியவர் ஏதோ முனகினார். எனக்குப் புரியவில்லை, ஆயாவுக்குப் புரிந்தது. "கரும்புச் சாறு கேக்குது."

பட்டினத்தார் சமாதி வழியாகத் திரும்பினோம். அவருக்குப் பேய்க்கரும்பு இனித்த ஊர் இது என்பார்கள். தள்ளுவண்டி ஒன்றைப் பார்த்ததும் சிஸ்டர் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். "எலுமிச்சை, இஞ்சி எதுவும் வேணாண்ணா, புண்ணு எரியும்." சாற்றுப் பாட்டிலையும் என் மடியில் வைத்தார். "ஸ்பூன்ல சொட்டுச் சொட்டா குடுக்கலாம். திரும்பிப் போய்ட்டு வந்துடுவோமா?"

லாரி வரிசை நகரவே இல்லை. மறுபடி அதற்குள் நுழைந்தோம்.