சோகையில் இருக்கும் கரி எங்கே போகிறது?

கரும்பு வெட்டி லாரி கிளம்பியதும் ஏக்கருக்கு 3 முதல் 5 டன் வரை சோகை வயலில் கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும், சற்று நேரத்தில் வயல் சுத்தமாகிவிடும். கொளுத்தாதீர்கள் என்று மேடையில் சொல்வது எளிது. சோகையை ஒதுக்க ஆள் கூலி கொடுப்பவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

தென்பெண்ணைக் கரையோரம் ஓர் ஊர். அங்கே இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் ஓர் அம்மா, அண்ணன் மகன் துணையோடு பயிர் பார்க்கிறார். இரண்டு வருடம் சோகையைக் கொளுத்தவில்லை. இந்தப் பங்குனியில் புது மண்வள அட்டை வந்தது. அங்ககக் கரிமம் 0.42 இருந்தது 0.45 ஆகியிருந்தது.

"இதுக்காத்தான் அத்த ரெண்டு வருஷமா கூலி குடுத்தோம்? இந்தத் தடவ பத்த வச்சுடலாம்" என்றான் பையன்.

"வச்சா எலி, பாம்பு பயமும் போவும்தான். ஆனா கட்டையில ஈரம் நின்னுதேடா இந்த வருஷம்?" என்றார் அத்தை.

பையனின் கேள்வி நியாயமானது. அத்தனை சோகையும் போட்டோமே, அது எங்கே போயிற்று?

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நானூறு வருடங்களுக்கு முன் வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணைப் போட்டு 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆகியிருந்தது. மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ்தான். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மீதிப் பாதி காற்று. இன்றைய காற்றில் பத்தாயிரம் பங்கில் நாலு பங்கு சொச்சம்தான் கரியமில வாயு. அதை வெயிலின் பலத்தில் இலை இழுத்து, தண்ணீரோடு சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. ஆலை மூட்டை கட்டி விற்கும் சர்க்கரையும் காற்றும் தண்ணீரும்தான். நம் நிலத்துச் சத்து ஆலைக் கழிவிலும் சாம்பலிலும்தான் போய்ச் சேர்கிறது. அதனால்தான் பிரஸ்மட் கிடைத்தால் விடாதீர்கள் என்பது.

இப்போது கணக்கு. காய்ந்த சோகையில் நூற்றுக்கு 42 பங்கு கரிமம் என்று வைத்தால், ஏக்கருக்கு 4 டன்னில் சுமார் 1,700 கிலோ. மேல் அரை அடி மண்ணின் எடை ஏக்கருக்குச் சுமார் 9 லட்சம் கிலோ. அட்டையில் 0.1 ஏற வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். ஆனால் தங்குவது கொஞ்சம். போட்டதில் பெரும்பங்கை நுண்ணுயிரும் மண்புழுவும் தின்று, நம்மைப் போலவே மூச்சாக வெளியே விட்டுவிடும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகம். இரண்டு வருடத்தில் 0.03 ஏறியது என்றால் 270 கிலோ. போட்ட 3,400 கிலோவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவே நல்ல வரவுதான். ஆனால் அந்த 0.03 மண் எடுத்த இடத்தின் வித்தியாசமாகவும் இருக்கலாம். அட்டையை இரண்டு வருடத்தில் நம்பவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

மூச்சாகப் போனது வீணா என்றால் இல்லை. அது மண்ணில் உள்ள உயிர்கள் தின்ற சோறு. தின்ற பிறகுதான் மண் பொலபொலப்பாகிறது, ஈரம் நிற்கிறது. அத்தை பார்த்தது அதைத்தான். தீயில் போனால் அதே கரிமம் யாருக்கும் சோறாகாமல் காற்றுக்குத் திரும்புகிறது. போன வருடக் காற்றிலிருந்து வந்த கரி இது, டீசல் கரிபோல் கோடிக்கணக்கான வருடம் புதைந்து கிடந்ததல்ல. ஆகவே வானம் கெடுகிறது என்று விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. புகை அக்கம்பக்கத்தாருக்குக் கெடுதல், அது வேறு. நஷ்டம் முதலில் நம் மண்ணுக்கு. தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். 4 டன் சோகையில் சுமார் 16 கிலோ தழைச்சத்து, அதாவது முக்கால் மூட்டை யூரியா.

பையனுக்கு இன்னொரு குறை. சோகை போட்ட மறுதாம்பு முதல் மாதத்தில் வெளுத்துப்போனது. சோகையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்கு கரிமம். நுண்ணுயிருக்கு இருபத்தைந்து, முப்பதுக்கு ஒன்றாவது வேண்டும். குறைவதை அது மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். அவை செத்து மட்கும்போது திருப்பித் தரும், ஆனால் தாமதமாக. அதனால் மறுதாம்புக்கு முதல் யூரியாவைத் தள்ளிப்போடாமல், வெட்டு முடிந்து தண்ணீர் கட்டும்போதே வைக்க வேண்டும். சோகைமேல் தூவாமல் மண்ணில் படும்படி வைத்தால்தான் பலன்.

இந்த வருடம் அவர்கள் சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் போட்டிருக்கிறார்கள். காலி சாலில் நடக்கலாம், தண்ணீர் பாய்ச்சலாம், பாம்பு இருந்தாலும் கண்ணில் படும். கூலியும் குறைந்தது. அடுத்த மண் மாதிரியை மூன்று வருடம் கழித்து, இதே பங்குனியில், உரம் வைப்பதற்கு முன், சோகையை விலக்கிவிட்டு, வரப்போரமும் மர நிழலும் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழம் எடுப்பதாகப் பையன் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறான்.