ஏணி போட்ட இடம்

போன மாதம் பழைய பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு சின்ன நோட்டு கையில் கிடைத்தது. 2018-இல் மார்செய்யில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் எழுதிய செலவுக் கணக்கு. முப்பத்தெட்டு வருஷம் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்த கை, எங்கே போனாலும் வரவு செலவு எழுதாமல் இருக்காது. அந்த நோட்டில் ஏழு பக்கத்துக்கு மேலே "கப்பல்" என்று தலைப்பிட்டிருந்தேன். இன்றைக்கு அந்த ஏழு பக்கத்தைப் பற்றித்தான்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகளும் மருமகனும் ஓர் உல்லாசக் கப்பலில் ஏழு நாள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். மார்செய்யில் ஏறி, ஜெனோவா, சிவித்தாவெக்கியா, பலெர்மோ, மால்டாவின் வலெத்தா, பார்சலோனா என்று சுற்றிவிட்டு மறுபடி மார்செய். கப்பல் அடியில் போய் நின்றபோது அது கப்பல் என்றே தோன்றவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கடலோரத்தில் நிறுத்தி வைத்தது போல இருந்தது. நாலாயிரத்துக்கு மேல் பயணிகள். என் வீட்டம்மா அண்ணாந்து பார்த்து, "என்னங்க, நம்ம தெருவையே இதுக்குள்ள வச்சிடலாம் போலிருக்கே" என்றாள்.

எனக்கு அப்போது பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் 'திக்தே' உண்டு. வாத்தியார் வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் அரை மார்க் போகும். அந்தத் திக்தேக்களில் கப்பல் அடிக்கடி வரும். 'பக்போ' என்றால் தபாலும் பயணிகளும் ஏற்றிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் கப்பல். 'எஸ்கால்' என்றால் வழியில் கப்பல் நிற்கும் துறை. எஸ்கால் என்ற சொல்லுக்கு வேர் ஏணி என்று வாத்தியார் சொன்னார். கரையில் இறங்க ஏணி போட்ட இடம், அதனால் எஸ்கால். அறுபது வருஷமாக அந்தச் சொல் மனசில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஊரில் அந்த ஏணியின் அடியில்தான் என் அப்பா வேலை பார்த்தார். துறைமுகம் என்று பேரே தவிர, புதுச்சேரியில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்று சொல்வோமே, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, அதுதான் அலையைத் தாண்டிப் போய் மூட்டைகளையும் ஆட்களையும் இறக்கி வரும். ஆணி அடித்த படகு அந்த அலையில் விரிந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1952 புயல் பழைய கடற்பாலத்தைக் கொண்டுபோனபோது எனக்கு இரண்டு வயது. தெற்கே புதுப்பாலம் வந்தது 1962-இல். பாலம் வந்த பிறகும் கப்பல் எட்டத்தில்தான் நின்றது. படகு நடமாட்டம் நிற்கவில்லை. அப்பா படகில் வரும் மூட்டைகளை எண்ணி எழுதும் கணக்குப்பிள்ளை.

அவர் ஒரு வார்த்தை சொல்வார்: "கப்பல் நிக்கிற தூரம்தான்டா நம்ம சாப்பாடு."

சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இருந்த அந்தத் தூரத்தில் படகுக்காரர், மூட்டை தூக்குபவர், வண்டிக்காரர், கணக்குப்பிள்ளை, ஓட்டல்காரர் என்று எத்தனையோ குடும்பம் பிழைத்தது. கப்பல் சரக்கை இறக்கி முடிக்க நாள் கணக்கில் ஆகும். அதுவரை கப்பல்காரன் தண்ணீரும் காய்கறியும் ஊரில்தான் வாங்கியாக வேண்டும். கப்பலுக்கு ஊர் வேண்டியிருந்தது.

என் பெரியப்பா சைகோனில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு ஊர் வரும்போது 'கம்போஜ்' என்ற கப்பலில் ஏறிக் கொழும்பில் இறங்கி வந்த கதையை எங்களுக்குச் சொல்வார். மெசாழரி மரித்திம் கம்பெனியின் கப்பல் அது. 1953-இல் ஓடத் தொடங்கியது. சுமார் 13,000 டன். (கப்பலுக்குச் சொல்லும் இந்த டன் எடை அல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு.) விமானம் வந்து பக்போக்களின் பிழைப்பைக் கெடுத்த பிறகு, 1970-இல் அதைக் கிரேக்கக் கம்பெனி ஒன்று வாங்கி, 'ஸ்தெல்லா சொலாரிஸ்' என்று பேர் மாற்றி உல்லாசக் கப்பலாக்கியது. கடைசியில் குஜராத்தின் அலங் கரைக்கு வந்து உடைபட்டது. பெரியப்பா ஏறிய கப்பல் இந்தியக் கரையில்தான் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஊருக்குப் போகும் கப்பல் போய், சுற்றி வரும் கப்பல் வந்த கதை அதுதான். அதற்குப் பிறகு அளவு ஏறிக்கொண்டே போயிற்று. 1988-இல் 'சவரின் ஆஃப் த சீஸ்' வந்தபோது அதன் 73,000 டன்னைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. 2009-இல் வந்த 'ஓயாசிஸ்' 2,25,000 டன். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான்' 2,48,663 டன், நீளம் 365 மீட்டர், இருபது தளம். நிறையக் கூட்டம் ஏறினால் 7,600 பயணிகள், அதற்குமேல் 2,350 ஊழியர்கள். பெரியப்பாவின் கப்பலைப் போல் கிட்டத்தட்டப் பத்தொன்பது மடங்கு.

ஏன் இப்படி? கணக்கு எளிது. கப்பல் பெரிதானாலும் கேப்டன் ஒருவர்தான். எரிபொருளையும் சம்பளத்தையும் பயணிகள் தலைக்குப் பங்கு போட்டால் பெரிய கப்பலில் குறைவாக வருகிறது. அதைவிட முக்கியம், கப்பல் பெரிதானால் கடைத்தெரு, நாடகக் கொட்டகை, நீச்சல் குளம், பத்துவகை ஓட்டல் எல்லாவற்றையும் உள்ளேயே வைக்கலாம். பயணி கரையில் செலவழிக்க வேண்டிய காசைக் கப்பலிலேயே வாங்கிவிடலாம்.

இது யாரோ சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. என் நோட்டிலேயே இருக்கிறது. பார்க்கிறேன்:

ஜெனோவா: காப்பி இரண்டு, தபால் அட்டை, 5 யூரோ. சிவித்தாவெக்கியா: ஒன்றுமில்லை. (அங்கிருந்து ரோமாபுரி எழுபது எண்பது கிலோமீட்டர். வீட்டம்மாவுக்கு மூட்டுவலி, இறங்கவே இல்லை.) பலெர்மோ: ஆரஞ்சுச் சாறு, பேத்திக்கு விசிறி, 9 யூரோ. வலெத்தா: கோட்டைக்கு ஏற லிஃப்ட், ஒரு பணியாரம், 3 யூரோ. பார்சலோனா: பஸ், 6 யூரோ. ஆக, ஐந்து ஊரில் இரண்டு பேர் செலவழித்தது 23 யூரோ. கப்பலுக்குள்ளே, டிக்கெட் போக, 214 யூரோ.

மத்தியானம் பன்னிரண்டரை ஆனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பலெர்மோவின் சந்துகளில் பொரித்த மீன் வாசனை வந்துகொண்டிருந்தது. "கப்பல்ல சாப்பாடு சும்மாதானே, இங்க எதுக்குக் காசு?" என்று வீட்டம்மாவை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஓட்டல் வாசலில் மெனு அட்டையோடு நின்ற பையன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தான். பிறகு எங்களுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தையும் பார்த்தான். இப்போது நினைத்தால் அந்தப் பையன் இருந்த இடத்தில்தான் என் அப்பா இருந்தார்.

மார்செய் திரும்பியதும் மகளின் பால்கனியில் இன்னொன்றைக் கவனித்தேன். அவள் வீடு நகரத்தின் வடக்கே, கப்பல்கள் கட்டும் இடத்துக்கு மேலே மேட்டில். தினம் காலையில் கைப்பிடிச் சுவரைத் துணியால் துடைப்பாள், துணி கறுத்துவிடும். கப்பல் துறையில் நிற்கும்போதும் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் ஒழிய. "அப்பா, நீங்க போன கப்பலும் இங்கதான் புகை விட்டுட்டு இருந்துச்சு" என்றாள். குற்றம் சொல்லவில்லை, டிக்கெட் எடுத்ததே அவள்தான். 2022 கோடையில் அந்த ஊர் மேயர் பெனுவா பய்யான், காற்று கெட்டுக் கிடக்கும் நாட்களில் இந்தக் கப்பல்களை நிறுத்தச் சொல்லி மக்களிடம் கையெழுத்து வாங்கினார். 2025 மே மாதம் முதல் மத்தியதரைக்கடல் முழுவதும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. மகள் துணியை இன்னும் வைத்துத்தான் இருக்கிறாள்.

வெனிஸ் நகரக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019 ஜூன் 2 அன்று பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று கட்டுப்பாடு இழந்து, ஜுதேக்கா கால்வாயோரம் கட்டியிருந்த சுற்றுலாப் படகில் இடித்தது. சிலருக்குக் காயம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலோ, 180 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலோ சான் மார்க்கோ முன்னால் வரக்கூடாது என்று இத்தாலி அரசு தடுத்துவிட்டது. அதற்கு எத்தனை வருஷப் போராட்டம்! வெனிஸுக்கே அந்தப் பாடு என்றால் சின்ன ஊர்கள் என்ன செய்யும்? "ஆழப்படுத்து, துறையை நீட்டு, இல்லையென்றால் பக்கத்து ஊருக்குப் போகிறோம்" என்பதுதான் கம்பெனிகளின் பேரம். ஜமைக்காவின் ஃபால்மத் ஊரில் ஓயாசிஸ் வகைக் கப்பலுக்காகவே கடலடியைத் தோண்டிப் புதுத்துறை கட்டி 2011-இல் திறந்தார்கள். இப்போது அதையும் தாண்டிவிட்டார்கள். பகாமாஸில் ஒரு தீவையே கம்பெனி வைத்துக்கொண்டு, சறுக்கு மரமும் குளமும் கட்டி, கப்பலை அங்கே நிறுத்துகிறது. ஏணி இருக்கிறது, இறங்கினால் ஊர் இல்லை.

கப்பலுக்காகக் கரையை மாற்றுவது என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும். 1986-இலிருந்து 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் கல் அணைகள் கட்டினார்கள். நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் அது சம்பந்தமான சில தாள்களுக்கு நம்பர் போட்டு மேலே அனுப்பியிருக்கிறேன். கல் எவ்வளவு, லாரி எவ்வளவு என்பதெல்லாம் என் மேசைக்கு வந்தது. மணலைப் பற்றிய தாள் வேறு மேசைக்குப் போயிருக்கலாம். நம் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பாகம் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் போட்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கடல் தின்னும். அப்படியே நடந்தது. நானும் தம்பிமார்களும் பந்து விளையாடிய கடற்கரை, என் கண் முன்னால் கருங்கல் குவியல் ஆயிற்று. 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. அப்பா நின்று எண்ணிய அந்த 1962 பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் அலையில் இடிந்து விழுந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு இராத்திரி சாப்பிடவில்லை.

2025 ஜூலையில் ஓர் உல்லாசக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. 2022-லேயே வரப் பார்த்தது. உள்ளே சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து அனுமதி கிடைக்கவில்லை. இந்தத் தடவை வந்தது. 1990-இல் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்ற பேரில் ஓடத் தொடங்கிய கப்பல், 48,500 டன். இன்றைய கணக்கில் சின்னது. பேரனை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். எட்டத்தில் வெள்ளையாக நின்றது. ஜனங்களைப் படகில்தான் இறக்கினார்கள்.

"தாத்தா, ஏன் கிட்ட வரல?" என்றான் பேரன்.

"ஆழம் இல்லப்பா."

"தோண்டினா வருமா?"

"வரும். வேணாம், அங்கேயே நிக்கட்டும்."

அவனுக்கு ஏமாற்றம். எனக்கு அப்படி இல்லை. சலங்கு இல்லை, இயந்திரப் படகுதான். ஆனாலும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அந்தத் தூரம் இன்னும் இருக்கிறது. அந்தப் படகுகளில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும். இறங்குகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கு ஓடாமல் இங்கே ஒரு மீன் குழம்பு சாப்பிட நேரம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் யாராவது பேரம் பேசினால் போதும்; இன்னொரு கல் அணை வேண்டாம். இது என் அபிப்பிராயம். விவரம் தெரிந்தவர்கள் மாற்றுக் கருத்து சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டம்மா கேட்டாள்: "கப்பல் இங்கேயே வருதாமே, இன்னொரு தடவை போகலாமா?"

"போகலாம். ஆனா எந்த ஊர்ல இறங்கினாலும் சாப்பாடு கரையிலதான்."

"அந்த நோட்டும் வருமா?"

"புது நோட்டு வாங்கிட்டேன்" என்றேன்.