படிக்கட்டில் ஒரு பாய்

வீட்டில் இடமில்லாத பிள்ளை இரவில் எங்கே போவான்? ஒரு படிக்கட்டின் முன் நின்றபோதுதான் இக்கேள்வி எங்கள் நெஞ்சில் தைத்தது.

கூவம் கரையில், எங்கள் பங்கின் எல்லைக்குள் வாழ்ந்த குடும்பம் ஒன்று கண்ணகி நகருக்கு மாற்றப்பட்டது. சென்னையின் குடிசைப் பகுதி மக்களுக்கென 2000-ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த குடியிருப்பு அது. வீடுகள் 15,000-க்கும் மேல். வின்சென்ட் தே பவுல் சபையினராகிய நாங்கள் அவர்களைக் காணச் சென்றபோது இருட்டிவிட்டது. மூத்த மகன் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்திருந்தான். 200 சதுர அடிகூட இல்லாத வீட்டில் பெற்றோரும், பருவமெய்திய தங்கையர் இருவரும். வளர்ந்த பிள்ளை நாணி வெளியே வந்துவிடுகிறான். அவ்வேளையில் படிக்கட்டில் அவனுக்குத் துணையாக யார் வந்து அமர்கிறார்கள், கையில் என்ன கொண்டு வருகிறார்கள் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பழைய இடம் மட்டும் மாளிகையா என்று கேட்கலாம். இல்லை, மழைக்கு ஒழுகும் குடிசைதான். ஆனால் அங்கே அவன் ஒரு பீடியைப் பற்றவைத்தால் எதிர்வீட்டு ஆயா காதைத் திருகுவாள். பொழுது சாய்வதற்குள் செய்தி தாய்க்கு எட்டிவிடும். புது இடத்திலோ வீடுகள் குலுக்கலில் கிடைத்தன. மேல்வீட்டாருக்குக் கீழ்வீட்டாரைத் தெரியாது. யார் பிள்ளையை யார் கண்டிப்பது? பள்ளியும் பழைய ஊரிலேயே நின்றுவிட்டது. ஓராண்டு பேருந்தில் அலைந்தபின் அவன் படிப்பை விட்டான். சோம்பேறி என்றோம் நாங்கள். அவசரத் தீர்ப்பு அது.

அங்குள்ள பிள்ளைகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. 2025-ஆம் ஆண்டு ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஆடக் களமும், ஊக்கிக் கண்டிக்க ஒரு பயிற்சியாளரும் அவ்வூரிலேயே வாய்த்தனர்.

எங்கள் பிள்ளைக்கு ஒரு கடையில் வேலை தேடினோம். "கண்ணகி நகரா?" என்ற கேள்விக்கு அஞ்சி, விண்ணப்பத்தில் பங்குக் கோயிலின் முகவரியை எழுதிக் கொடுத்தோம். நன்மை என்றே எண்ணிச் செய்தோம். வேலையும் கிடைத்தது. மறு ஞாயிறு பூசை முடிந்து நன்றி சொல்ல வந்தவன், தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"ஐயா, முதலாளி ஒருநாள் என்னை வீட்டில் விடுகிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டால், நான் எங்கே இறங்குவது?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.