ஒரு சொம்புக்கு ஒரு சொம்பு

இங்கிலாந்தில் இருக்கும் தம்பி, 2024 ஐப்பசியில் ஒருநாள் தொலைபேசியில், "பாய்லரை எடுத்துட்டு காம்பி போடப் போறோம்மா" என்றான். அம்மா சட்டென்று கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எடுக்கப் போறியா? அது இங்கல்ல இருக்கு?" என்றாள்.

அவன் சொன்னது அவன் வீட்டுப் பாய்லர். அந்த ஊர்ப் பழைய வீடுகளில் எரிவாயுப் பாய்லர் ஓரிடத்திலும், அது காய்ச்சிய நீரைத் தேக்கிவைக்கும் பெரிய உருளை வேறோர் அலமாரியிலும் இருக்குமாம். காம்பி என்பது இரண்டையும் ஒன்றாக்கிச் சுவரில் மாட்டிய பெட்டி. குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும் வேலையும் அதற்குத்தான். குழாயைத் திறந்ததும் பற்றிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சுடவைத்து அனுப்பும், தேக்குவது கிடையாது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அதைக் காலைல யாரு பத்த வைக்கிறது?"

"யாரும் வேண்டாம்மா. தானா பத்திக்கும்."

அம்மா பதில் சொல்லவில்லை. தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனாள்.

எங்கள் வீடு ஒரத்தநாட்டுப் பக்கம். கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். 1934-ல் வந்த ஆற்றுக்கு இன்னும் அதுதான் பெயர். கொல்லைத் தாழ்வாரத்தில் நின்ற தாமிரப் பாய்லர், 1966-ல் அம்மாவின் கல்யாணச் சீராகக் கும்பகோணத்துப் பாத்திரக்கடையிலிருந்து வந்தது. இப்போது இருபது வயதில் இருப்பவர்கள் அதைக் கண்டிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். இடுப்புயர உருளை. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழல். குழலுக்குள் நெருப்பு, குழலைச் சுற்றித் தண்ணீர். அடியில் இரும்புக் கம்பித் தட்டு, அதன்கீழே சாம்பல் விழ இடம். ருஷ்ய நாவல்களில் வரும் சமோவாரும் உள்ளுக்குள் இதே ஏற்பாடுதான். அங்கே தேநீர், இங்கே குளியல்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் பாய்லரின் மூக்கு மேல்விளிம்பை ஒட்டி இருந்தது. இன்னொரு பக்கம் புனல்போல ஒரு வாய். அதில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் உள்குழாய் வழியாக நேரே அடிக்குப் போகும். சூடான நீர் எடை குறைந்து மேலே நிற்பதால், கீழே வந்த தண்ணீர் அதை நெட்டித்தள்ள, மூக்கின் வழியே வெந்நீர் கொட்டும். ஒரு சொம்பு ஊற்றினால் ஒரு சொம்பு. ஊற்றாவிட்டால் ஒரு சொட்டும் வராது. எடுத்தவன் நிரப்பவில்லை என்ற சண்டைக்கே வழியில்லாமல் செய்துவிட்ட அந்தக் கன்னாரை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

எரிபொருளுக்குக் காசு கிடையாது. தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி. முதலில் பன்னாடையைக் கிழித்துப் போட்டுப் பற்றவைக்க வேண்டும். மட்டையை வெட்டிச் சொருக வேண்டும். கொட்டாங்கச்சி கடைசியில், அது கங்காக நின்று சூட்டைக் காக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லாம் நமுத்துப்போய்ப் புகையும். ஊதுகுழலோடு யாராவது குந்தியிருக்க வேண்டும்.

அந்த "யாராவது" பற்றித்தான் எழுத வந்தேன்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் இந்தப் பாய்லரைப் பற்றி எழுதியிருந்தேன். மார்கழிப் புலரியில் தாழ்வாரத்தில் கவிந்த புகை, வெந்நீரில் ஏறிய பாளை வாசனை, தீபாவளிக்கு முதல்நாள் புளி போட்டுத் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு நீர் நிரப்பிவைத்த கோலம் எல்லாம் வந்திருந்தன. நண்பர்கள் கடிதம் போட்டார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுக்கப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கே. யாரு பத்த வெச்சான்னு போடலியே" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். "நாங்கள் எழுந்திருக்கும்போது வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும்" என்று எழுதியிருந்தேன். தமிழ் இதற்கு வெகு சௌகரியமான மொழி. வெந்நீர் தானே கொதிக்கும், வாசல் தானே தெளிக்கப்பட்டிருக்கும், சாப்பாடு தானே தயாராகியிருக்கும். ஏறத்தாழ ஐம்பத்தெட்டு வருஷம், நாலரை மணிக்கு எழுந்து, முந்தின நாள் சாம்பலை அள்ளிக் கொட்டி, அப்பா, தாத்தா, அத்தை, நாங்கள் மூவர் என்று வரிசையாகக் குளித்து முடிக்கும்வரை தணல் காத்தவள் என் வாக்கியத்தில் இல்லை. எல்லோருக்கும் பின் அவள் குளிக்கும்போது பெரும்பாலும் கங்கு அணைந்திருக்கும்.

அது அவள் சொத்தாகவும் இருந்தது. மேட்டூரை ஜூன் 12-ல் திறக்காத ஆண்டுகளில் குறுவை தள்ளிப்போகும், கையில் காசிருக்காது. அப்படி இரண்டு தடவை பாய்லர் அடகுக்கடைக்குப் போய்வந்தது. நகை முதலில் போகும், பிறகு தாமிரம். பாய்லர் இல்லாத மாதங்களில் கோட்டை அடுப்பில் தவலை ஏறும். வேலை இன்னும் கூடும். அதைப் பற்றி அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர் வழியாகப் போனது. கொல்லையில் இருந்த இருபத்திரண்டு தென்னைகளில் நாலுதான் மிஞ்சின. பதிமூன்று நாள் மின்சாரம் கிடையாது. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது, தெருவில் பாதிப்பேர் வாளியோடு எங்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, காய்ச்சல் கண்ட கிழவர் ஒருவர், ஈர உடையிலேயே மரம் அறுத்துக்கொண்டிருந்த பையன்கள். அம்மா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. "ஊத்தினா வரும், ஊத்தி எடுத்துக்கங்க" என்பதுதான் அவள் போட்ட ஒரே சட்டம். விழுந்த மரங்களின் மட்டைதான் எரிந்தது. நாற்பது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். அந்த நாட்களில் அவள் முகத்தில் துக்கமும் இருந்தது, ஒரு அதிகாரமும் இருந்தது. இரண்டையும் பார்த்தவன் நான். பாய்லரை விடக்கூடாது என்று பிறகு வாதாடியதற்கு அதுதான் என் சாக்கு.

2023 மார்கழியில் ஒரு கங்கு தெறித்து அம்மாவின் புடவைத் தலைப்பு பொசுங்கியது. முழங்கையில் உள்ளங்கையளவு தீப்புண். வயது எழுபத்தேழு. உடனே மாற்றியிருக்க வேண்டும். நானோ "பார்க்கலாம்" என்று ஒரு வருஷம் ஓட்டினேன். தம்பியின் தொலைபேசியும் அம்மா எழுந்து போன விதமும்தான் என்னை அசைத்தன.

சமையலறைக்கு மேல் சிறிய மொட்டைமாடி இருக்கிறது. அதில் 100 லிட்டர் சோலார் ஹீட்டர் வைத்தோம். சாய்ந்த கண்ணாடிக் குழல்கள், அவற்றின் தலைமாட்டில் தொட்டி. பிளம்பர் விளக்கியபோது அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள்: வெயில் பட்ட நீர் தானே மேலே ஏறித் தொட்டிக்குப் போகும், பச்சைத் தண்ணீர் கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம். "நம்ம பாய்லர் மாதிரிதானே தம்பி" என்றாள். அந்தப் பையன் பாய்லரைப் பார்த்ததில்லை. கொல்லைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். இதற்குப் பச்சைத் தண்ணீர்த் தொட்டி வெந்நீர்த் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு மேடை கட்டியதில்தான் செலவு ஏறியது.

டெல்டாவில் சூரியனை நம்புவதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்திரை வெயிலில் தொட்டி கொதிக்கும். வெந்நீர் தேடுவார் இல்லை. தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வெயிலே எட்டிப் பார்க்காது. ஆகவே தொட்டிக்குள்ளேயே மின்சாரச் சூடேற்றியும் பொருத்தினோம். நாங்களும் ஒரு காம்பி போட்டுவிட்டோம் என்று தம்பியிடம் சொன்னேன். கரண்டுக்கு எவ்வளவு ஆகும் என்றாள் அம்மா. குளியலுக்கு இருபது லிட்டர், பதினைந்து டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள். என்ன குரல் அது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல் வாரம் நாலரைக்கே விழித்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். இரண்டாம் வாரம் ஐந்தரை வரை தூங்கினாள். முதல் ஆளாகக் குளித்தாள்.

பாய்லரைச் சென்னைக்கு எடுத்துப்போகலாம் என்பது என் எண்ணம். வரவேற்பறையில் வைத்து உள்ளே ஒரு விளக்குப் போட்டால் அழகாக இருக்கும் என்று மனைவியும் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அது என்ன பொம்மையா? எடைக்குப் போடு."

"இன்னொரு கஜா வந்தா என்னம்மா பண்ணுவே?"

"மூணு கல்லைக் கூட்டி அண்டாவை வெச்சுட்டுப் போறேன். அதுக்காகத் தெனமும் புயலடிக்குமாடா?"

2025 தை மாதம், தஞ்சாவூரில் ஒரு பாத்திரக்கடைக்கு இருவரும் எடுத்துப்போனோம். கடைக்காரர் இரும்புத் தட்டைக் கழற்றினார். பித்தளைக் கால்களையும் காதுகளையும் தனியாக எடுத்தார். தாமிரம் மட்டும் பதினோரு கிலோ முந்நூறு. அம்மா, "வாங்கறப்போ இதெல்லாம் இல்லாம பதிமூணு இருந்துது" என்றாள். கல்யாணச் சீரின் எடை எப்படி மறக்கும்? கடைக்காரர் தராசை இன்னொரு முறை காட்டினார். எடையில் பிசகில்லை. நடுக்குழல் நெருப்பில் கருகிக் கருகி உதிர்ந்திருக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் மேலே கொஞ்சம் போயிருக்கும் என்றார். அம்மா தன் வலது உள்ளங்கையை ஒருகணம் பார்த்துக்கொண்டாள்.

பணத்தை என்னிடம் தரவில்லை. சுருக்குப்பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பேருந்து ஒரத்தநாட்டுச் சாலையில் திரும்பியபோது மேற்கே மூட்டம் போட்டிருந்தது.

"சுவிட்ச போட்டுட்டு வந்தியாடா?" என்றாள்.