கலிங்கில் கட்டிய வலை

நம்மிடம் படித்த பிள்ளைகள் ஆண்ட்ரூ கார்னகியின் பெயரை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஓர் ஏழை நெசவாளியின் வீட்டில் பிறந்து, அமெரிக்காவில் இரும்புத் தொழிலால் கோடீசுவரராகி, தேடிய திரவியத்தை நூல் நிலையங்களுக்கு வாரி வழங்கியவர் என்று வருஷந்தோறும் வகுப்பில் அவரைப் புகழ்ந்து வந்தோம். "பொருளை இப்படியல்லவா செலவிட வேண்டும்!" என்று பாடத்தை முடிப்பது நமது வழக்கம். இப்பொழுது அப்படி முடிப்பதில்லை. அதற்குக் காரணம் ஓர் ஏரி.

பென்ஸில்வேனியா மாகாணத்து மலைகளுக்கிடையே இருந்தது அந்தக் கனமா ஏரி. அதைக் கட்டியவர்கள் தனவந்தர்கள் அல்லர், மாகாண சர்க்காரே. கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் தேக்கும் பொருட்டு 1838-ல் வேலையைத் தொடங்கி 1853-ல் முடித்தார்கள். 72 அடி உயரமும் 900 அடிக்கு மேல் நீளமும் உள்ள மண்கரை அது. மிகுந்த நீர் வழிந்தோடப் பக்கத்தில் பாறையை வெட்டி அமைத்த கலிங்கு. வேண்டும்போது ஏரியை வடித்துவிட அடியில் ஐந்து இரும்புக் குழாய்கள். ஆனால் ரயில் வந்ததும் கால்வாய்க்கு மதிப்பில்லாமற் போயிற்று. ஏரி பலர் கைமாறிற்று. 1862-ல் கரை ஒரு முறை உடைந்தது. நீர் குறைவாயிருந்ததால் பெருஞ்சேதம் விளையவில்லை. இடையில் வாங்கிய ஒருவர் அடிக்குழாய்களைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்.

1879-ல் பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர்கள் இந்த ஏரியை வாங்கி, 'சவுத் போர்க் மீன்பிடி வேட்டைச் சங்கம்' என்று ஒன்றை நிறுவினார்கள். கார்னகி, ஹென்றி கிளே பிரிக், ஆண்ட்ரூ மெல்லன் முதலிய சுமார் 60 பேர் அதன் அங்கத்தினர். கரையோரத்தில் 16 பங்களாக்கள் எழும்பின. கோடைகாலத்தில் படகு விடுதலும் தூண்டில் போடுதலும் நாட்டியமுமாகப் பொழுது இன்பமாகக் கழிந்தது. உடைந்த கரையை மண்ணும் கல்லும் வைக்கோலும் இட்டு அடைத்தார்கள். விற்றுப்போன குழாய்களை மறுபடி வைக்கவில்லை. இரண்டு வண்டிகள் எதிரெதிரே செல்லும் அகலம் வேண்டுமென்று கரையின் உச்சியைச் சில அடி தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பி ஓடாதிருக்கக் கலிங்கின் குறுக்கே இரும்பு வலைகளைப் பொருத்தினார்கள்.

ஏரிக்குக் கீழே 14 மைல் தூரத்தில் ஜான்ஸ்டவுன். அதிலும் அதைச் சுற்றிய ஊர்களிலுமாக ஏறக்குறைய 30,000 ஜனங்கள். பெரும்பாலோர் இரும்பாலைத் தொழிலாளர். அவ்வாலையின் தலைவர் டானியல் மாரெல் 1880-ல் ஓர் இஞ்சினீயரை அனுப்பிக் கரையைச் சோதிக்கச் செய்தார். நீரை வடிக்கக் குழாய் இல்லை, உடைப்பை அடைத்த முறையும் சரியில்லை என்று அறிக்கை வந்தது. சீர்திருத்தும் செலவில் ஒரு பகுதியைத் தாமே தருவதாகவும் மாரெல் எழுதினார். உங்களுக்கு எங்களால் அபாயம் ஏதுமில்லை என்று சங்கத் தலைவரிடமிருந்து பதில் கிடைத்தது. மாரெல் பிறகு பணங்கட்டித் தாமே அங்கத்தினராகச் சேர்ந்தார், 1885-ல் காலமானார். கனத்த மழை பெய்யும்போதெல்லாம் கீழே, 'கரை உடையப் போகிறது' என்று வதந்தி எழும், உடையாது. நாளடைவில் அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

1889 மே 31. இரவெல்லாம் பேய்மழை. காலையில் சங்கத்தின் ஆட்கள் கரையை உயர்த்தவும் புதிதாக ஒரு வழிகால் வெட்டவும் பாடுபட்டனர். கலிங்கு வலையிலோ அடித்து வந்த மரமும் சருகும் அடைத்துக் கொண்டன. கீழே தந்தி போயிற்று. பல முறை கேட்ட வதந்திதானே என்று எவரும் பொருட்படுத்தவில்லை. பிற்பகல் மூன்று மணி சுமாருக்குக் கரை பிளந்தது. நான்கு மணி கடந்ததும் வெள்ளம் வீடுகளையும் மரங்களையும் ரயில் வண்டிகளையும் சுருட்டிக்கொண்டு ஜான்ஸ்டவுன் மேல் விழுந்தது. அங்கிருந்த கற்பாலத்தில் சிக்கிக்கொண்ட சிதைவுகள் தீப்பற்றி எரிய, நீருக்குத் தப்பியவர் சிலர் நெருப்புக்கு இரையாயினர். மாண்டவர் 2,209 பேர். அவர்களில் 700க்கும் மேற்பட்டோர் இன்னார் என்று அறியப்படாமலே அடக்கம் செய்யப்பட்டனர்.

வழக்குகள் நடந்தன. இது தெய்வச் செயல் என்று தீர்ந்தது. சங்கத்தார் எவரும் நஷ்டஈடாக ஒரு காசும் கொடுக்க நேரவில்லை. கார்னகி ஜான்ஸ்டவுனில் அழகான நூல் நிலையம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அக்கட்டடமே இன்று அவ்வெள்ளத்தைக் காட்டும் அருங்காட்சிசாலையாக இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் இவ்வரலாற்றை வகுப்பில் சொன்னோம். ஏரிப் பாசனமுள்ள கிராமத்திலிருந்து வரும் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஸார், மழை நாளிலே கலிங்கிலே வலை கட்டினா எங்க ஊரிலே பெரியவங்க அறுத்து எறிஞ்சுடுவாங்க. அங்கே அறுக்க ஆளே இல்லையா?" என்றான்.

நமக்கு உடனே விடை தோன்றவில்லை. அறிவாளிகளுக்கு அங்கே குறைவில்லை. இஞ்சினீயர் இருந்தார், அறிக்கை இருந்தது, செலவுக்குப் பணமும் முன்வந்தது. ஆனால் ஏரி தனிச் சொத்து. அதன் கரைமேல் கால் வைக்கக் கீழே வாழ்ந்தவனுக்கு அதிகாரமில்லை. மன்னரில்லாத குடியரசு என்று உலகம் புகழும் தேசத்திலும், ஆயிரக்கணக்கானவர்களின் உயிர் அறுபது பேருடைய மீன்பிடிப் பொழுதுபோக்கைச் சார்ந்து நின்றது. நீரைத் தன்னுடையது என்று ஒருவன் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அது உடைத்துக்கொண்டு போகும் வழியை எழுதி வாங்க முடியுமா? கரைக்குக் கீழே குடியிருப்பவனுக்குக் கரைமேல் பேச்சுரிமை இல்லாத இடத்தில் சுதந்திரம் என்ற சொல் பாதிதான் பொருள்படும். நம் நாட்டுக்கும் இது பொருந்தும்.

கார்னகியின் தருமத்தை நாம் இன்றும் மறைப்பதில்லை. அவர் கொடுத்த நூல் நிலையங்களால் படித்தவர் எத்தனையோ பேர். ஆனால் அவரைப் பற்றிய பாடத்தைத் தொடங்குமுன் 'கலிங்கு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அது எதற்காக என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். ஏரியுள்ள ஊர்ப் பிள்ளைகள்தாம் முதலில் கை தூக்குகிறார்கள்.